நாளைக்கு வாங்க

பாதைக்கு எஞ்சின் எண்ணெய் இல்லையென்று
குருக்கள்மடத் துறையில் சொன்னார்கள்.
எங்கள் பக்கம் பாதை என்றால்
தண்ணீரில் மிதப்பது.
சைக்கிளைத் தோணியில் கிடத்திக் கடந்தேன்.
தோணிக்காரர் காசு வாங்கவில்லை,
அவர் மகள் துஷ்மிகா என் நீல மேசையில் இருக்கிறாள்.

அம்பிளாந்துறையில் இறங்கியபோது எட்டரை.
பதிவேட்டில் இருபத்துமூன்று பெயர்,
வந்திருந்தது பதினாலு.

கஞ்சிக்கு, வீட்டில் இருப்பதைக் கேட்டிருந்தோம்:
ஒரு சுண்டு அரிசி, ஒரு பிடி முருங்கையிலை, பாதித் தேங்காய்.
பானையை வாசலில் வைக்கவில்லை.
பின்பக்கம், கிணற்றடியில், மூடியோடு.
யார் போட்டார், யார் வெறுங்கையோடு வந்தார்
என்பது பானைக்குத் தெரிந்தால் போதும்.
இந்த வருடம் நான் எடுத்த முடிவுகளில்
நித்திரை வராத இரவிலும் சரியென்று தோன்றுவது
இது ஒன்றுதான்.

மகேந்திரன் அண்ணன் கூட்டத்தில் எழும்பினார்.
“விளையாட வீட்டில முத்தம் இல்லையா டீச்சர்?
எழுவான்கரையில புள்ளையள் ஏ பி சி எழுதுதுகள்.
வெயிலுக்குள்ள நாலு மணித்தியாலம் நிண்டு
டீசல் இல்லாமக் கிறுகி வாறம்.
நாங்க படுற பாடு இதுகள் படப்படாது.”

பயிற்சிப் பட்டறையில் எழுதிவைத்த பதில்
கையில் இருந்தது. நல்ல பதில்.
அவர் கழுத்தில் வெயில் உரித்த தோலைப் பார்த்ததும்
விழுங்கிவிட்டேன்.
“ஒரு காலமை வந்து இருந்து பாருங்க” என்றேன்.
அவ்வளவுதான் வாயில் வந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தார்.
அன்றைக்கென்று பார்த்துப் பிள்ளைகள்
வாளி, தண்ணீர்ப் போத்தல், செங்கல்,
ஒரு கால் போன கதிரை
எல்லாவற்றையும் சுவரோடு வரிசையில் வைத்தார்கள்.
சிலிண்டர்களாம்.
கேனுஜன் மேசைக்குப் பின்னால் ஏறி நின்றான்.
“தள்ளாதீங்க! டோக்கன் இருக்கா?”
டோக்கன், பூவரசம் இலை.
யதுர்ஷி மயங்கி விழுந்தாள், வேண்டுமென்றே.
இரண்டு பேர் விசிறினார்கள்.

நிறுத்தட்டா என்று கண்ணால் கேட்டாள் பிரதீபா.
நானும் நிறுத்தத்தான் எழும்பினேன்.
ஊர் நின்று வாடுவதைப் பிள்ளைகள் நடித்தால்,
அதைத் தகப்பன் ஒருவர் பார்த்துக்கொண்டும் இருந்தால்
என்ன செய்வதென்று
எந்தக் கைநூலிலும் இல்லை.

எழும்பிய கால்
எங்கே போவதென்று தெரியாமல்
வரிசையின் கடைசியில் போய் நின்றது.

துஷ்மிகா திரும்பினாள்.
“உங்கட சிலிண்டர் எங்க டீச்சர்?”
கைப்பையை நீட்டினேன்.
“அது சின்னன். பரவால்ல, நில்லுங்க.”
வெயிலாம். தன் கைலேஞ்சியைத் தந்தாள்.

என் முறை வந்தது.
கேனுஜன் பெரிய மனிதர்களின் வருத்தத்தோடு
“கேஸ் முடிஞ்சு. நாளைக்கு வாங்க” என்றான்.
மறுகா, கொஞ்சம் யோசித்து,
மேசைக்கடியில் குனிந்து
அரைச் செங்கல் ஒன்றைத் தூக்கினான்.
“சின்னப்புள்ள இருக்கிற வீட்டுக்கு மட்டும்
ஒளிச்சு வைச்சிருக்கம்.
உங்களுக்கு எத்தின புள்ள?”

பதிவேட்டை நினைத்தேன்.
“இருபத்திமூண்டு.”

வரிசை முழுவதும் கிறுகிப் பார்த்தது.

மகேந்திரன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
போகும்போது கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தார்.
அடுத்த நாள் வேப்பங்கட்டை ஒன்றோடு வந்து
நாலாவது காலைப் பூட்டினார்.
ஏ பி சி கேட்பதை விடவில்லை.

அரைச் செங்கல்லைக் கதவுக்கு அண்டை கொடுத்திருக்கிறேன்.
“முடிஞ்சா டீச்சர்?” என்று கேனுஜன் கேட்பான்.
“இன்னும் கிடக்கு.”

பிரதீபாவுக்கு மூன்று மாதமாகக் கொடுப்பனவு இல்லை.
குவைத்துக்குப் போக நற்சான்றுப் பத்திரம் கேட்டாள்.
இரு என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?
‘பொறுமையானவர்’ என்று எழுதி, வெட்டி,
‘பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்’
என்று எழுதினேன்.
முத்திரையில் மை காய்ந்திருந்தது.
இரண்டு தரம் குத்தியும்
ஊர்ப்பெயர் பாதிதான் விழுந்தது.
மீதியைப் பேனையால் எழுதிக் கொடுத்தேன்.